தேடும் வேலைக்குக் கூலி

ஐந்தாறு வருடம் ஓடிய ஒரு காரின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வண்டியின் வரலாறு பாதி தெரிந்துவிடும். பிளேடு ஃபியூஸ்களுக்கு நிறம்தான் அடையாளம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அட்டவணை 15 என்று சொல்லும் இடத்தில் பச்சை உட்கார்ந்திருந்தால் கதை இதுவாகத்தான் இருக்கும்: அந்த லைனில் எப்போதோ ஷார்ட் ஆனது, நீல ஃபியூஸ் ஒன்றிரண்டு போனது, மூன்றாவது தடவை சலித்துப்போய் யாரோ ‘இது போகாது’ என்று பச்சையைச் செருகிவிட்டார். சொன்னபடியே அது போகவில்லை. ஷார்ட்டும் போகவில்லை. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவதைப் போன்ற வைத்தியம் இது. இந்த வைத்தியத்தைச் செய்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கார் எலக்ட்ரிக்கல் வேலையில் பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவு அற்பம். அரை மீட்டர் வயரும் ஒரு துண்டு ஸ்லீவும் போதும். பழுது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. அந்த வேலைக்குக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. மாற்றிய பொருளுக்குக் கணக்குக் கேட்டுக் கொடுக்கிறோம். தேடிய நேரத்தைக் கூலியாகவே கருதுவதில்லை. ஷார்ட் திரும்பத் திரும்ப வருவதற்கும், சில வண்டிகளில் தீயில் போய் முடிவதற்கும் இதுவே பெரிய காரணம் என்பது என் வாதம்.

ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. ஸ்டீரியோவையும் பல்பையும் காப்பாற்றத்தான் ஃபியூஸ் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது வயரை. வயரின் பருமன் எவ்வளவு மின்சாரத்தைச் சூடாகாமல் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குக் கீழே நிற்கும்படி ஃபியூஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பத்து ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரின் தலையில் 30 ஆம்பியர் ஃபியூஸை வைத்தால், ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயர் உருகும். வெறும் 12 வோல்ட்தானே என்ற அலட்சியமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 12 வோல்ட் மனிதனுக்கு ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் உறை தேய்ந்த வயர் காரின் பாடியில் பட்டு, அந்தப் பாதையின் மொத்தத் தடை 0.05 ஓம் என்று ஆகிவிட்டால், ஓம் விதிப்படி ஓடப்போவது 240 ஆம்பியர். சின்னக் கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கும் சில நொடிகள் அதைக் கொடுக்கும் தெம்பு உண்டு. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். பாசிட்டிவைத் தளர்த்தும் ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டால், ஸ்பேனரே வயராகிவிடும்.

இன்னொரு உண்மை: ஃபியூஸ் நாம் நினைக்கிற அளவுக்குச் சுறுசுறுப்பானது இல்லை. பத்து ஆம்பியர் ஃபியூஸில் 11 ஆம்பியர் ஓடினால் மணிக்கணக்கில் தாங்கும். அப்படித் தாங்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். 13.5 ஆம்பியர் ஓடினால் உடனேயும் போகலாம், பத்து நிமிடம் கழித்தும் போகலாம். இரு மடங்கு ஓடும்போதுதான் சில நொடிகளில் அறுந்துவிடும் என்று நம்பலாம். வண்டி குலுங்கும்போது மட்டும் பாடியை உரசிவிட்டு விலகும் வயர் ஒவ்வொரு தடவையும் ஒரு பொறியைக் கக்கும். ஃபியூஸுக்கு அது உறைப்பதற்குள் தொடர்பு விட்டுப்போயிருக்கும். ‘எப்போதாவது வருது, கொண்டுவந்து காட்டினால் வரமாட்டேங்குது’ என்று உரிமையாளர்கள் புலம்பும் கோளாறுகளில் பல இந்த ரகம்தான்.

ஃபியூஸுக்கு அறவே தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. லூசான ஜாயின்ட், களிம்பு ஏறிய எர்த், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஆகியவற்றில் மின்சாரம் அளவுக்கு மேல் ஓடுவதில்லை, சொல்லப்போனால் குறைவாகவே ஓடும். ஆனால் அந்த ஒரு புள்ளியில் தடை அதிகம். பத்து ஆம்பியர் ஓடும் லைனில் கால் ஓம் தடை உள்ள ஜாயின்ட் ஒன்று இருந்தால், அந்த இடத்தில் மட்டும் 25 வாட் வெப்பம் பிறக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்னின் சக்தி அதே 25 வாட். இதை டேஷ்போர்டுக்குப் பின்னால், பிளாஸ்டிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவில் வைத்துவிட்டு, ஃபியூஸ் போகவில்லையே, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கார் தீப்பிடித்த செய்தி ‘மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும்போது இந்த வேறுபாடுகள் எல்லாம் அந்த வரிக்குள் புதைந்துவிடுகின்றன. எந்த வயர், எந்த இடம், ஏன் என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படுவதே இல்லை.

அந்தக் கேள்விகளைக் கடைசிவரை கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி சந்தித்த விவகாரம் நல்ல சான்று. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் சில ஃபோர்டு வண்டிகள் நின்ற இடத்திலேயே தீப்பிடித்தன. ஷார்ட் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தேடிப் போனபோது சிக்கியது, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பொருத்தியிருந்த ஒரு சிறு சுவிட்ச். பிரேக்கை மிதித்ததும் க்ரூஸ் கன்ட்ரோலை விடுவிப்பது அதன் வேலை. அதன் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறு பக்கம் மின் முனைகள், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. வருடக்கணக்கான அழுத்தத்தில் சவ்வு விரிசல் விட்டு, ஆயில் மின் முனைகளின் பக்கம் கசிந்து அரித்தது. அந்தச் சுவிட்சுக்குச் சாவி இல்லாமலே எந்நேரமும் சப்ளை இருந்ததால், வண்டி நின்றிருக்கும்போதும் சூடேறியது. 1999-ல் தொடங்கி 2009 வரை பல தவணைகளாக ஏறத்தாழ 1.4 கோடி வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செய்த பரிகாரம், அந்தச் சுவிட்சின் வழியில் தனி ஃபியூஸ் வைத்த ஒரு சிறு இணைப்பு வயர். பத்தாண்டுத் தேடலின் விடை கைக்குள் அடங்கும் ஒரு துண்டு வயராக இருந்தது. தேடலுக்கும் பழுதுபார்ப்புக்கும் உள்ள விகிதம் கார் கம்பெனிக்கும் இப்படித்தான், தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கும் இப்படித்தான்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2009-ல் வந்த டாடா நானோ கார்களில் சில அடுத்த ஆண்டே தீப்பிடித்தன. கம்பெனி விசாரித்து, எல்லாச் சம்பவங்களுக்கும் பொதுவான ஒரே காரணம் இல்லை என்றும், வெளியில் பொருத்திய கூடுதல் மின்சாதனங்கள் அல்லது சைலன்சர் பகுதியில் தங்கிவிட்ட அந்நியப் பொருள் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. பிறகு மின் அமைப்புக்கும் சைலன்சர் பகுதிக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்து தருவதாக 2010 நவம்பரில் அறிவித்தது. பழியை வெளியாட்கள் மேல் போடுவது கம்பெனிகளுக்கு வசதி என்பதால் அந்த விளக்கத்தை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. பழுது முழுக்க வெளியில்தான் என்றால் உள்ளே பாதுகாப்பைக் கூட்டியது ஏன் என்று கேட்கலாம். ஆனாலும் வெளியில் பொருத்தும் சாதனங்களைப் பற்றிய எச்சரிக்கையில் பொருள் இருக்கிறது. ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுக்கும் ஹெச்4 பல்ப் 60/55 வாட். ஹை பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்ப் மாட்டினால் அது 16 ஆம்பியரைத் தாண்டும். தனி ரிலேயும் பருமனான வயரும் போடாமல் பல்பை மட்டும் மாற்றினால் பழைய வயரும், ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சும், பல்பின் கப்ளரும் அந்தச் சுமையைச் சுமக்கும். கப்ளர் பழுப்பாகி, நொறுங்கி, ஒருநாள் உருகும். ஹாரன், ஃபாக் லேம்ப், ரிவர்ஸ் கேமரா, ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் கதை ஒன்றுதான். சென்னை ஜி.பி. ரோட்டிலும் மற்ற ஊர்க் கடைவீதிகளிலும் வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் சேரும் கிட்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, ஓடிக்கொண்டிருக்கும் வயரைச் சுரண்டி அதிலேயே இன்னொரு வயரை முறுக்கிவிடுகிறார்கள்.

சரி, தேடுவது எப்படி? நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் மந்திரம் எதுவும் இல்லை என்பது தெரியும். போன ஃபியூஸின் இடத்தில் இன்னொரு ஃபியூஸைப் போட்டுப் பார்க்க மாட்டார். அந்த இரண்டு முனைகளுக்கு நடுவில், வயர் சேர்த்த ஹோல்டரில் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை மாட்டுவார். பல்பே ஒரு தடை என்பதால் ஷார்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த வழியில் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது. வயர் சூடாகாது, ஃபியூஸ் செலவும் இல்லை. அந்த லைனில் உள்ள எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்ட பிறகும் பல்ப் முழுப் பிரகாசத்தோடு எரிந்தால் ஷார்ட் இப்போது உயிரோடு இருக்கிறது. மங்கலாக எரிந்தால் ஏதோ ஒரு சாதனம் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள், ஷார்ட் என்று முடிவு கட்டக் கூடாது. இனி லைனை நடுவில் பிரிக்கும் கப்ளரைக் கழற்றுவார். பல்ப் அணைந்தால் பழுது கப்ளருக்கு அந்தப் பக்கம், அணையாவிட்டால் இந்தப் பக்கம். மீதியில் பாதி, அதில் பாதி என்று போனால், பதினாறு துண்டாக ஓடும் லைனில்கூட நான்கு தடவை கழற்றுவதற்குள் ஒரே துண்டில் வந்து நிற்கலாம். பிறகு அந்தத் துண்டை விரலால் மெல்ல அசைத்துக்கொண்டே பல்பைப் பார்ப்பார். எந்த இடத்தைத் தொடும்போது பல்ப் சிமிட்டுகிறதோ, அங்கே டேப்பைப் பிரிக்கலாம்.

எந்த நேரத்தில் ஃபியூஸ் போகிறது என்று வாடிக்கையாளரைத் துருவிக் கேட்பதும் தேடலில் பாதி. ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் போகிறதென்றால் ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் வயரைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை. கதவைத் திறந்து மூடும்போது போகிறதென்றால், கதவுக் கீலருகே ரப்பர் குழாய்க்குள் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்த வயர்க்கற்றையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிக்கி மூடியின் கீல், முன்னும் பின்னும் நகரும் சீட்டின் அடிப்பாகம், இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்கு வயர் நுழையும் துளையில் கழன்றுபோன ரப்பர் வளையம், தண்ணீர் இறங்கும் டெயில் லேம்ப் ஹோல்டர் ஆகியவையும் வழக்கமான இடங்கள்தான். எலிக்கு இடம் பொருள் கிடையாது. முன்பற்கள் ஓயாமல் வளர்வதால் அது எதையாவது கொறித்தே ஆக வேண்டும். மிளகாயின் காரத்தை ஏற்றிய டேப்பை ஹோண்டா விற்கிறது என்பதிலிருந்தே இது உலகப் பிரச்சினை என்று தெரிந்துகொள்ளலாம்.

மல்ட்டிமீட்டர் கையில் இருந்தால் போதும் என்பது இன்னொரு மயக்கம். ஓம் அளவில் வைத்து வயருக்கும் பாடிக்கும் நடுவே தொட்டால் ‘பீப்’ என்று கத்துகிறது, ஷார்ட் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். எரியாமல் குளிர்ந்திருக்கும் 21 வாட் பல்பின் இழைக்கு ஒரு ஓம்கூடத் தடை இருக்காது. மீட்டர் அதைப் பார்த்தும் கத்தும். ஆக, நல்ல பல்பைத் துரத்திக்கொண்டு அரைநாள் போய்விடும். மீட்டர் உண்மையில் கைகொடுப்பது வோல்ட்டேஜ் இறக்கத்தை அளப்பதில். ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் விளக்கின் எர்த் வயருக்கும் நடுவே மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். இரண்டு வோல்ட் காட்டினால் ஃபியூஸ் கண்டுகொள்ளாத அந்த மோசமான ஜாயின்ட் இந்த வழியில்தான் இருக்கிறது. இரவில் பேட்டரி இறங்கும் கோளாறுக்கும் மீட்டர்தான் வழி. அணைத்துப் பூட்டிய காரில் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் ஓட வேண்டும். அரை ஆம்பியர் ஓடினால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் காலி. பூட்டியவுடன் அளந்தால் ஏமாறுவோம். உள்ளே இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கப்போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்தக் காத்திருப்புக்கும் யாரோ கூலி கொடுக்க வேண்டுமே! மஞ்சள் கப்ளரோடு வரும் ஏர்பேக் வயர்களிலும், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிற உயர் வோல்ட் கேபிள்களிலும் டெஸ்ட் லேம்ப் வேலையே கூடாது. அவற்றுக்குத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். ஸ்கேனரை மாட்டினால் பழுதைக் குறிக்கும் ‘கோடு’ (code) வந்துவிடும் காலத்தில் பல்பை வைத்துக்கொண்டு தேடுவது பழங்கதை இல்லையா? ஸ்கேனர் எந்த லைனில் குறை என்று சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது. சில சமயம் லைனைப் பற்றியும் தப்பான எண்ணத்தைத் தரும். இன்ஜினில் பல சென்சார்களுக்கு கன்ட்ரோல் யூனிட்டிலிருந்து ஒரே 5 வோல்ட் சப்ளை பகிர்ந்து போகிறது. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அந்த 5 வோல்ட்டை எர்த்துக்கு இழுத்துவிட்டால், சம்பந்தமே இல்லாத மற்ற சென்சார்களுக்கும் கோடு வரிசையாக வந்து நிற்கும். வந்த கோடுகளையெல்லாம் நம்பி நான்கு சென்சார் மாற்றியவர்களும் உண்டு, கடைசியில் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்றியவர்களும் உண்டு. விஷயம் தெரிந்தவர் மீட்டரை 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுவே குற்றவாளி. யூனிட்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனிலும் இதே தர்க்கம்தான். சாவியும் பேட்டரியும் இல்லாத நிலையில் அதன் இரு வயர்களுக்கு நடுவே 60 ஓம் இருக்க வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கார் நவீனமாக நவீனமாகத் தேடும் வேலை குறையவில்லை, தேடத் தெரியாதவர் வைக்கும் செலவுதான் கூடியிருக்கிறது.

தேடிக்கொண்டிருப்பதை விட வயரிங் கிட்டையே மாற்றிவிடலாமே என்பது இன்னொரு வாதம். டேஷ்போர்டைப் பிரித்து முழுக் கிட்டை மாற்றும் கூலியும் விலையும் ஒருபுறம் இருக்கட்டும். பழைய கிட் எந்தத் தகடின் விளிம்பில் உரசி அறுந்ததோ, அந்த விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது. புதுக் கிட்டும் அதே இடத்தில் அதே மாதிரி உரசும். ஆனால் இந்த வாதம் செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிக் கிடந்த கார்களைப் போன்றவற்றில் பழுது ஒரு புள்ளியில் இல்லை. நூற்றுக்கணக்கான கப்ளர் பின்களில் அழுக்கு நீர் புகுந்து, மாதங்கள் கழித்துப் பச்சைக் களிம்பாக வெளிவருகிறது. இன்று ஒன்றைத் தேடிச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று. அங்கே தேடுவது காசுக்கும் காலத்துக்கும் கேடு. கிட்டை மாற்றுவது அல்லது காரையே இன்சூரன்ஸிடம் ஒப்படைத்துவிடுவதுதான் விவேகம்.

கண்டுபிடித்த பிறகு சரிசெய்வதிலும் நேர்த்தி வேண்டும் என்றாலும் அது நீண்ட கதை இல்லை. அதே பருமன், முடிந்தால் அதே நிறம் கொண்ட வயர். முறையான கருவியால் கிரிம்ப் செய்த இணைப்பு. உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். முறுக்கி டேப் சுற்றியது பானெட் சூட்டில் பசை இளகிப் பிரிந்துவிடும். சால்டர் வைத்தால் உறுதி என்று பலர் வாதிடுவார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் குச்சிபோல் விறைக்க வைப்பதால், அதிர்வு உள்ள இடத்தில் சால்டர் முடியும் விளிம்பில் அது முறிகிறது; அசையாத இடத்தில் தாங்கல் கொடுத்து வைத்தால் பாதகமில்லை. ஒரே கற்றையில் நாலைந்து வயரைச் சேர்ப்பதானால் ஜாயின்ட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் விழாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி அமைப்பது நல்ல கைக்கு அடையாளம். உரசிய விளிம்புக்கு ரப்பர் வளையம் போடாமல் விட்டால் செய்ததெல்லாம் வீண்.

கடைசியாக, எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. தேடிய நேரத்துக்குக் கூலி என்று ஒப்புக்கொண்டால், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டு மூன்று மணி நேரம் தேடினேன் என்று ஏமாற்ற மாட்டார்களா? ஏமாற்றலாம்; ஏமாற்றுபவர் இப்போதும் போகாத சென்சாரை மாற்றியதாகச் சொல்லி ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார். பொருளுக்கு மட்டும் காசு என்ற இன்றைய ஏற்பாடு, பத்து ரூபாய் வயரில் பழுதைக் கண்டுபிடித்த நேர்மையான ஆளுக்கு அபராதமும், பத்தாயிரம் ரூபாய் யூனிட்டை மாற்றியவருக்குப் பரிசும் கொடுக்கிறது. ‘ஒரு வயரை ஒட்டினதுக்கு ரெண்டாயிரமா?’ என்று கேட்டுக் கேட்டே வயரை ஒட்டத் தெரிந்தவர்களைப் பொருள் மாற்றுபவர்களாக ஆக்கிவிட்டோம். வேலைக்கு முன்பே ஒரு உச்சவரம்பு பேசிக்கொள்ளலாம்: இத்தனை மணி நேரம்வரை தேடுங்கள், அதற்குள் கிடைக்காவிட்டால் போன் செய்து கேட்டுவிட்டுத் தொடருங்கள் என்று. செலவான நேரத்தைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை, கண்டுபிடித்ததைச் சரிபார்க்க நிச்சயம் வழி உண்டு. வெட்டி எடுத்த துண்டு, பிரித்த இடத்தை போனில் எடுத்த படம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் அளவு, இவை மூன்றையும் கேட்கலாம். உண்மையாகத் தேடியவரிடம் இவை கேட்காமலே இருக்கும். பில்லில் ‘எலக்ட்ரிக்கல் ஒர்க்’ என்று இரண்டு வார்த்தை மட்டும் இருந்தால் அதற்குக் காசு கொடுக்கத் தயங்குவதில் நியாயம் உண்டு. அதற்குப் பதில் அந்தக் காகிதத்தில் இப்படி எழுதியிருக்கட்டும்: ‘டிரைவர் பக்கக் கதவுக் கீல். பவர் விண்டோ சப்ளை வயர் ரப்பர் குழாய்க்குள் உறை கிழிந்து பாடியில் பட்டது. 20 செ.மீ. வயர் மாற்றம், குழாய் புதிது. 30 ஆம்பியர் எடுக்கப்பட்டு, அட்டவணைப்படி 20 போடப்பட்டது. தேடிய நேரம் 3 மணி. பழைய துண்டு கொடுக்கப்பட்டது.’